வெற்றியாளர் முன்பே தெரிந்த பந்தயம்

2025 ஜூலை 17 அன்று டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் 12ஆம் கட்டம், பிரனீஸ் மலைத்தொடரில் உள்ள ஓட்டாகாம் உச்சியில் முடிந்தது. 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள ஏற்றம் அது. சராசரிச் சாய்வு 7.8 சதவீதம். முந்தைய நாள்தான் துலூஸ் நகரில் கீழே விழுந்து கையைச் சிராய்த்துக்கொண்டிருந்தார் ஸ்லோவேனியாக்காரரான டாடெய் பொகாச்சர். அந்த மனிதர், ஏற்றம் தொடங்கிய சற்று நேரத்தில், உச்சிக்கு இன்னும் 12 கிலோமீட்டர் இருக்கும்போதே பிய்த்துக்கொண்டு கிளம்பிவிட்டார். டென்மார்க்கின் யோனஸ் விங்ககோர் 2 நிமிடம் 10 விநாடி பிந்தி வந்துசேர்ந்தார். மறுநாள் பெய்ராகூட் மலையில் கடிகாரத்தை எதிர்த்து ஒவ்வொருவராக ஓட்டும் தனியோட்டம். அதிலும் பொகாச்சரே முதல். அன்று மாலை இருவருக்கும் இடைவெளி 4 நிமிடம் 7 விநாடி. பாரிஸ் போய்ச் சேர இன்னும் எட்டுக் கட்டங்கள் இருந்தன. அந்த எட்டும் முடிந்தபோது இடைவெளி 4 நிமிடம் 24 விநாடி. ஆல்ப்ஸ், வான்து, கொல் டெ லா லோஸ் எல்லாவற்றையும் தாண்டியும், முதலிருவருக்கு நடுவே மாறியது 17 விநாடிதான்.

இதில் ரசிக்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்களை அலட்சியப்படுத்த முடியாது. 2021 முதல் 2025 வரை ஐந்து ஆண்டுகளிலும் முதலிரண்டு இடங்களில் இந்த இருவரே மாறி மாறி நின்றார்கள். 2020ஐயும் சேர்த்தால் ஆறு பட்டங்களில் நான்கு பொகாச்சருக்கு, இரண்டு விங்ககோருக்கு. 2024இல் பொகாச்சர் இத்தாலியின் ஜீரோ பந்தயத்தை 9 நிமிடம் 56 விநாடி வித்தியாசத்திலும், டூரை 6 நிமிடம் 17 விநாடி வித்தியாசத்திலும் வென்றார். இரண்டிலும் ஆறாறு கட்டங்கள் அவருக்கே.

முடிவு தெரிந்தால்தான் என்ன, பாரதக் கூத்தில் துரியோதனன் சாவான் என்று தெரியாமலா ஊரே விடியவிடிய உட்கார்ந்திருக்கிறது என்று சமாதானம் சொல்லலாம். எனக்கு அது ஒப்பவில்லை. கூத்தில் பாட்டும் அடவும் வேடமும் முடிவைச் சாராமல் தம் காலில் நிற்கின்றன. பந்தயத்திலோ மூன்று வாரத்தின் ஒவ்வொரு மூச்சும் முடிவை நோக்கியே செலவாகிறது. ஆகவே குறையை எடுத்துப் பரிசோதிக்கத்தான் வேண்டும். ஆனால் “ஊகிக்க முடிகிறது” என்ற ஒரே புகாருக்குள் மூன்று தனித்தனிப் புகார்கள் இருக்கின்றன. யார் வெல்வார் என்பது ஒன்று, எப்போது தீர்மானமாகும் என்பது இன்னொன்று, எப்படி நடக்கும் என்பது மூன்றாவது. முதலாவது இந்த விளையாட்டின் பிறவிக் குணம். பார்ப்பவரைக் கொல்வது மற்ற இரண்டும்தான்.

பிறவிக் குணம் என்று சொல்லக் காரணம், பல நாள் பந்தயம் என்பதே நேரத்தைக் கூட்டிப் பார்க்கும் ஏற்பாடு. 21 கட்டங்கள், 3,300 கிலோமீட்டருக்கு மேல் தூரம், எல்லா நாளின் நேரத்தையும் கூட்டினால் யாருக்குக் குறைவோ அவருக்கு மஞ்சள் சட்டை. ஒரு நாள் பந்தயத்தில் ஒரு பஞ்சர், ஒரு தவறான வளைவு, ஒரு திடீர் மழை போதும், பெரியவர் கவிழ்ந்து சின்னவர் ஜெயிக்க. 21 நாள் கூட்டலில் இந்த அதிர்ஷ்டங்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய், மிஞ்சுவது பெரும்பாலும் உடல் வலுவே. டூரைத் தொடங்கிய ஆன்ரி தெக்ராஞ் இதைச் சீக்கிரமே உணர்ந்திருக்க வேண்டும். 1903இல் நேரக் கணக்கோடு ஆரம்பித்தவர், 1905 முதல் 1912 வரை இடத்துக்கு இத்தனை புள்ளி என்று கணக்கையே மாற்றிப் பார்த்தார். பிறகு நேரத்துக்கே திரும்பினார்.

இரண்டாவது காரணம் காற்று. சமதளத்தில் ஓட்டியின் சக்தியில் பெரும்பங்கைக் காற்றே தின்கிறது; வேகம் கூடக்கூட அந்தத் தேவை தாறுமாறாக எகிறுகிறது. கூட்டத்தின் நடுவில் இருப்பவருக்கோ இந்தச் சுமை அநேகமாக இல்லை. பெர்ட் பிளாக்கன் என்ற பொறியியலாளர் குழுவினர் 121 ஓட்டிகள் கொண்ட கூட்டத்தைக் கணினியிலும் காற்றுச் சுரங்கத்திலும் ஆராய்ந்து 2018இல் வெளியிட்ட முடிவு இது: கூட்டத்தின் உள்ளே நல்ல இடத்தில் இருப்பவர்மேல் விழும் காற்றுத் தடை, தனியாக ஓட்டுபவர்மேல் விழுவதில் 5 முதல் 10 சதவீதம்தான். எனவே சமதளத்தில் யாரும் யாரிடமிருந்தும் எளிதில் விலக முடியாது. மலையில் வேகம் குறைவதால் காற்றின் தயவும் குறைகிறது. அங்கே ஒருவர் தன் எடைக்கு எவ்வளவு சக்தி தருகிறார் என்பதே பேச்சு. மூன்று வாரப் பந்தயம் ஐந்தாறு மலைப் பிற்பகல்களிலும் ஒன்றிரண்டு தனியோட்டங்களிலும் தீர்ந்துபோவது இதனால்தான். மற்ற நாட்களில் மஞ்சள் சட்டைக்காரர் கீழே விழாமல் இருந்தால் போதும்.

சரித்திரமும் இதையே சொல்கிறது. 1957 முதல் 1995 வரை நடந்த 39 டூர்களில் 20ஐ நான்கே பேர் வென்றார்கள்: ஆங்க்டில், மெர்க்ஸ், ஹினோ, இந்துராயின், ஆளுக்கு ஐந்து. 1961இல் ஆங்க்டில் முதல் நாளே மஞ்சள் சட்டையை வாங்கி, பாரிஸ்வரை கழற்றாமலே போனார். ஆக, ‘இப்போதுதான் கெட்டுவிட்டது’ என்பவர்கள் எந்தப் பொற்காலத்தைச் சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. 1989இல் லெமாண்ட், கடைசி நாள் தனியோட்டத்தில் 50 விநாடி பின்தங்கலை அழித்து ஃபின்யோனை 8 விநாடியில் வென்றதை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். அது அவ்வளவு அபூர்வம் என்பதால்தான் வைத்திருக்கிறோம்.

அந்த நால்வரையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. பெல்ஜியத்தின் எடி மெர்க்ஸ் 1969இல் வென்ற முதல் டூரில் இரண்டாமவரை 17 நிமிடம் 54 விநாடி பின்தள்ளினார். ஏற்கெனவே முன்னிலையில் இருந்தவர், பிரனீஸ் கட்டத்தில் சுமார் 140 கிலோமீட்டரைத் தனியாகவே ஓட்டியிருந்தார். அதற்கு எந்தத் தேவையும் இல்லை. 1971இல் ஸ்பெயினின் லூயிஸ் ஒகான்யா, ஓர்சியேர்-மெர்லெட் ஏற்றத்தில் அவரை 8 நிமிடம் 42 விநாடி பின்னுக்குத் தள்ளியபோது, மெர்க்ஸ் அடுத்த கட்டத்தின் முதல் மீட்டரிலிருந்தே தாக்கினார். மார்சேய் நகரத்துக்கு எதிர்பார்த்த நேரத்துக்கு வெகு முன்னதாகவே வந்து இறங்கிவிட்டார்கள். பிறகு மாந்தே கணவாயில், புயல்மழையில், மஞ்சள் சட்டையோடு ஒகான்யா விழுந்து விலகினார்; டூர் மெர்க்ஸுக்கே போனது. பட்டியலில் பார்த்தால் ‘வழக்கம்போல மெர்க்ஸ்’ என்ற ஒற்றை வரி. அந்த ஜூலையில் இருந்தவர்களுக்கு அது வழக்கம்போலவா இருந்திருக்கும்?

இந்துராயின் வேறு ரகம். 1992இல் லக்சம்பர்க்கில் 65 கிலோமீட்டர் தனியோட்டம். இரண்டாமிடம் வந்த தன் அணிக்காரரையே 3 நிமிடம் பின்னுக்குத் தள்ளினார். அதன்பின் மலைகளில் அவர் செய்ய வேண்டியது, போட்டியாளர்களின் பின்சக்கரத்தை விடாமல் பிடித்துக்கொண்டு போவது மட்டுமே. ஒரு மதியம் சம்பாதித்து இரண்டு வாரம் காவல் காத்தார். மெர்க்ஸும் இந்துராயினும் ஐந்து ஐந்து பட்டம் பெற்றவர்கள்தான். ஒருவர் ஆதிக்கத்தால் பந்தயத்தைத் திறந்துவிட்டார், மற்றவர் பூட்டிவைத்தார்.

பூட்டுவதைத் தொழில்நுட்பமாகவே மாற்றியது பிரிட்டனின் ஸ்கை அணி. 2012இல் விக்கின்ஸ், 2013, 2015, 2016, 2017இல் ஃபுரூம், 2018இல் தாமஸ்; இனியோஸ் என்று பெயர் மாறிய பின் 2019இல் பெர்னால். எட்டு ஆண்டில் ஏழு. அவர்கள் மலையில் செய்தது இதுதான்: தலைவருக்கு முன்னால் நான்கைந்து துணை ஓட்டிகள் வரிசையாக நின்று, உடல் தாங்கக்கூடிய உச்ச அளவுக்குச் சற்றுக் கீழே ஒரே சீராக இழுப்பார்கள். சைக்கிளில் பொருத்திய சக்தியளவி ஒவ்வொரு நொடியும் எத்தனை வாட் என்று கைப்பிடித் திரையில் காட்டிக்கொண்டிருக்கும். இழுத்துக் களைத்தவர் ஒதுங்க, அடுத்தவர் எடுத்துக்கொள்வார். இந்த வேகத்துக்கு மேல் ஒருவர் பாய வேண்டுமானால் தன் எல்லையைத் தாண்டியாக வேண்டும். தாண்டினால் இரண்டு மூன்று நிமிடத்தில் கால்கள் கடன் கேட்கும். ஸ்கை அணி துரத்தவே துரத்தாது. பாய்ந்தவர் தானாகவே திரும்பி வரிசைக்குள் விழுவார். நாலு தடவை இதைப் பார்த்த எதிரிகள் ஐந்தாம் தடவை பாயவே மாட்டார்கள். டூரின் இயக்குநர் கிறிஸ்தியான் ப்ருதோம் சக்தியளவிகளைப் பந்தயத்தில் தடைசெய்ய வேண்டும் என்று பேசியது இந்தக் காலத்தில்தான். அந்த ஆண்டுகளில் சில மலைக் கட்டங்களைப் பார்த்தது கணக்குத் தணிக்கையைப் பார்த்ததுபோல இருந்தது. அதைச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

காதில் மாட்டும் வானொலியும் இந்தப் பூட்டின் ஒரு சாவி. பிரெஞ்சு வர்ணனையாளர் ரொபேர் ஷாப்பாத் பெயரில் ஒரு பழைய கணக்கு உண்டு: முன்னால் பிய்த்துக்கொண்டு போனவர்களுக்குப் பத்துக் கிலோமீட்டருக்கு ஒரு நிமிடம் இருந்தால்தான் தப்பிப்பார்கள். இடைவெளி எவ்வளவு என்பது காரிலிருந்து காதுக்கு உடனுக்குடன் வந்துவிட்டால், கூட்டம் இந்தக் கணக்கைப் பிசகாமல் போட்டு, கடைசிச் சில கிலோமீட்டரில் பிடித்துவிடும். 2009இல் டூரின் இரண்டு கட்டங்களில் வானொலியைத் தடைசெய்து பார்க்க நினைத்தார்கள். முதல் தடை நாளில் ஓட்டிகள் எதிர்ப்புக் காட்டி மந்தமாக ஓட்டினார்கள். இரண்டாவது தடை கைவிடப்பட்டது. வானொலி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு டோக்கியோ ஒலிம்பிக்கின் பெண்கள் சாலைப் பந்தயம் சாட்சி. ஆஸ்திரியாவின் ஆன்னா கீசன்ஹோஃபர், கணிதத்தில் முனைவர், தன் நாட்டிலிருந்து வந்த ஒரே ஓட்டி, தொடக்கக் கொடி அசைந்ததுமே கிளம்பிப் போனார். அவர் முன்னால் இருப்பதே பின்னால் வந்தவர்கள் பலருக்கு நினைவில் இல்லை. நெதர்லாந்தின் ஆன்னமீக் வான் ஃப்ளூட்டன், தங்கம் தனக்கே என்று கையை உயர்த்திக்கொண்டு எல்லைக்கோட்டைத் தாண்டினார். வென்றவர் 1 நிமிடம் 15 விநாடிக்கு முன்பே தாண்டியிருந்தார்.

பூட்டு உடைந்த நாட்களும் உண்டு. அவற்றில் இரண்டை மட்டும் சொல்கிறேன்.

2022 ஜூலை 13. மஞ்சள் சட்டையில் பொகாச்சர். அசைக்க முடியாதவர் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். விங்ககோரின் யம்போ-விஸ்மா அணியில் அப்போது ரோக்லிச்சும் இருந்தார். அவர் சில நாட்களுக்கு முன் விழுந்து நேரத்தை இழந்திருந்தார். பட்டத்துக்கு ஆள் இல்லை, ஆனால் தூண்டிலில் புழுவாக இருக்கலாம். கலிபியே மலையில், முடிவுக்கு வெகு தூரம் இருக்கையில், ரோக்லிச் ஒரு தடவை, விங்ககோர் ஒரு தடவை என்று மாறி மாறிப் பாய்ந்தார்கள். பொகாச்சர் ஒவ்வொன்றுக்கும் தானே பதில் சொன்னார். சொல்லாமலிருக்கலாம், அது அவர் சுபாவத்தில் இல்லை. அதற்கான விலை கிரானோன் ஏற்றத்தில் வந்தது. 1986க்குப் பிறகு டூர் எட்டிப்பார்க்காத, 2,413 மீட்டர் உயரமான அந்தக் கணவாயில், சட்டையின் ஜிப் முழுவதும் திறந்து கிடக்க, தன் சக்கரத்திலிருந்து விங்ககோர் விலகிப் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றுபோனார். அன்று மட்டும் 2 நிமிடம் 51 விநாடி போயிற்று. கடைசியில் டூரை விங்ககோர் வென்ற வித்தியாசம் 2 நிமிடம் 43 விநாடி. இருவரில் ஒருவர்தான் வெல்வார் என்பது எல்லோரும் ஊகித்ததே. அது இந்த வழியில் நடக்கும் என்று யாரும் ஊகிக்கவில்லை.

அடுத்தது 2025 ஜீரோவின் 20ஆம் கட்டம். ஜீரோவில் முன்னிலையில் இருப்பவருக்கான இளஞ்சிவப்புச் சட்டையில் மெக்சிகோவின் இளைஞர் இசாக் டெல் டோரோ. 43 விநாடி பின்னால் எக்வடோரின் கராபாஸ். 1 நிமிடம் 21 விநாடி பின்னால் சைமன் யேட்ஸ். கடைசி எட்டுக் கிலோமீட்டர் சரளைக்கல் பாதையாக இருக்கும் ஃபினெஸ்த்ரே மலையில் யேட்ஸ் கிளம்பினார். இதே மலையில்தான் 2018இல், இதே சட்டையை அணிந்திருந்த யேட்ஸ், ஒரே நாளில் 38 நிமிடத்துக்கு மேல் இழந்து பந்தயத்தைப் பறிகொடுத்தார். இப்போது அவரைத் துரத்த வேண்டியது யார்? டெல் டோரோ கராபாஸைப் பார்த்தார். கராபாஸ் டெல் டோரோவைப் பார்த்தார். நீ இழு, நான் ஏன் இழுக்க வேண்டும் என்ற இந்தப் பிடிவாதத்தில் நிமிடங்கள் கரைந்தன. மலைக்கு அப்பால் யேட்ஸின் அணிக்காரர் வான் ஆர்ட் முன்கூட்டியே போய்க் காத்திருந்து, பள்ளத்தாக்கில் அவரைக் காற்றிலிருந்து காத்து இழுத்துக்கொண்டு போனார். யேட்ஸ் 3 நிமிடம் 56 விநாடி வித்தியாசத்தில் ஜீரோவை வென்றார். தோற்ற இளைஞரின் அணிதான் அப்போது உலகிலேயே வலுவானது. வாட் கணக்கு எதிலும் வராத ஒன்று, இரண்டு பேரின் வீம்பு, அன்று பட்டத்தைத் தீர்மானித்தது.

இந்த இரண்டு நாட்களுக்கும் பொதுவான அம்சம், ஒன்றுக்கு மேற்பட்ட பலமான கை வெவ்வேறு அணிகளில் இருந்தது. அந்தக் கைகள் ஒரே அணியில் சேரும்போதுதான் ஆட்டம் கெட்டுப்போகிறது. விளையாட்டுப் பொருளாதாரத்தில் ஓர் அடிப்படைக் கருத்து உண்டு. 1956இல் சைமன் ராட்டன்பர்க், அமெரிக்க பேஸ்பால் ஆட்டக்காரர்களின் சந்தையைப் பற்றி எழுதியபோது முன்வைத்தது: முடிவு நிச்சயமின்றி இருப்பதே மக்கள் காசு கொடுத்து வாங்கும் சரக்கு. 1964இல் வால்டர் நீல் இன்னும் கூர்மையாகச் சொன்னார். கடைக்காரனுக்குப் போட்டிக்கடை இல்லாமல் போனால் லாபம். குத்துச்சண்டைக்காரர் ஜோ லூயிஸுக்கோ ஷ்மெலிங் மாதிரி பலமான எதிரி இல்லாமல் போனால் வருமானமே இல்லை. பின்னால் வந்த ஆய்வுகள் ஒரே குரலில் இதை ஆமோதிக்கவில்லை. மகா வீரர் ஒருவரைப் பார்க்கவே கூடும் கூட்டமும் உண்டு. ஆனாலும் அமெரிக்க லீக்குகள் பலவும் இந்த அச்சத்தை மதித்து, கடைசி அணிக்குப் புது ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுப்பதில் முன்னுரிமை, மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு என்று வேலி கட்டிக்கொண்டன.

சைக்கிள் பந்தயத்துக்கு வேலியே இல்லை. சாலையோரம் நிற்பவர் டிக்கெட் வாங்குவதில்லை. தொலைக்காட்சி உரிமைப் பணம் பந்தயத்தை நடத்துபவருடையது. அணிகள் அநேகமாக முழுக்க விளம்பரதாரரின் தயவில் வாழ்கின்றன. அவர் கைவிட்டால் அணியே மறைந்துவிடும். இந்த நிலையில் ஓர் அரசாங்கமோ பெருநிறுவனமோ பையைத் திறந்தால், வேறு இடத்தில் தலைவராக இருக்க வேண்டியவர்களை வாங்கித் துணை ஓட்டிகளாக்கிக்கொள்ளலாம். 2023 டூரில் மூன்றாவதாக வந்த ஆடம் யேட்ஸ், இரண்டாவதாக வந்த பொகாச்சரின் அணிக்காரர். 2024இல் பொகாச்சர் முதலிடம். அவருக்காக உழைத்துக்கொண்டே ஜொவாவ் அல்மெய்தா நான்காமிடம், ஆடம் யேட்ஸ் ஆறாமிடம். எதிரணியும் சளைத்ததல்ல. 2023இல் யம்போ-விஸ்மா, ஜீரோ, டூர், வுவெல்த்தா என்ற மூன்று பெரும் பந்தயங்களையும் ஒரே ஆண்டில் வென்றது. எந்த அணியும் அதற்கு முன் செய்யாதது. அந்த ஆண்டு ஸ்பெயினின் வுவெல்த்தாவில் முதல் மூன்று இடமும் அவர்களுக்கே: கஸ், விங்ககோர், ரோக்லிச். மூவரும் ஒரே சட்டை. கடைசி வாரத்தில் யாருக்கு யார் வழிவிடுவது என்பதே பந்தயமாகிப்போனது.

பொகாச்சர்மேல் கோபப்படுவது வீண் என்று நான் நினைப்பது இதனால்தான். அவர் மெர்க்ஸ் ரகம். 2024இல் ஸ்த்ராதே பியாங்கே பந்தயத்தில் 81 கிலோமீட்டர் தனியாகவே ஓட்டி வென்றவர். அவருக்கு எதிரே மூன்று நான்கு முழு பலமுள்ள அணிகள் நின்றால், அந்த ஆதிக்கமே பார்க்கத் தெவிட்டாது. பந்தயத்தை நடத்துபவர்கள் கைவைத்ததோ பாதையில்தான். இந்துராயின்களையும் விக்கின்ஸ்களையும் ஒடுக்கத் தனியோட்டத்தைச் சுருக்கினார்கள். 2012இல் நூறு கிலோமீட்டர் இருந்தது, 2015இல் தனிநபருக்கு 13.8 கிலோமீட்டராகத் தேய்ந்தது. செங்குத்தான சிறு ஏற்றங்கள், குட்டையான மலைக் கட்டங்கள் வந்தன. யார் தாக்குகிறாரோ அவருக்கு உகந்த பாதை. கடைசியில் அது யாருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையாக அமைந்தது? பொகாச்சருக்கு!

நாட்களைக் குறைத்தால் போதும் என்பாரும் உண்டு. அவர்கள் காட்டுவது 2024 பெண்கள் டூர். எட்டே கட்டங்கள். அம்னேவீலில் மஞ்சள் சட்டையோடு விழுந்த டெமி ஃபோலரிங், ஏறக்குறைய ஒன்றே முக்கால் நிமிடம் இழந்தார். அவர் அணியிலிருந்தே இன்னொருவர் அன்று முன்னால் போய் வென்றார். கடைசி நாள் அல்ப் டுவெஸ் ஏற்றம். போலந்தின் கஷா நியெவியாதோமாவைவிட ஃபோலரிங் 1 நிமிடம் 15 விநாடி பின்னால். ஃபோலரிங் கட்டத்தை வென்றார், 10 விநாடி போனஸும் பெற்றார். நியெவியாதோமா 1 நிமிடம் 1 விநாடி கழித்து, சைக்கிளிலேயே குலைந்துபோய் வந்துசேர்ந்தார். கூட்டிக் கழித்தால் 4 விநாடியில் பட்டம். ஆண், பெண் டூர் இரண்டிலும் இதைவிடக் குறைந்த வித்தியாசம் கிடையாது. ஆனால் அதே எட்டு ஒன்பது நாள் பந்தயம் 2022இலும் 2025இலும் மூன்றரை நிமிடத்துக்கு மேல் வித்தியாசத்தில் முடிந்தது. நாள் குறைவது தற்செயலுக்கு இடம் கொடுக்கும், அவ்வளவே.

பார்க்கும் முறை மாறியதும் ஒரு காரணம். டூர் பிறந்தது ஒரு செய்தித்தாளை விற்க. 1903இன் வாசகர் பந்தயத்தைப் பார்க்கவில்லை, மறுநாள் வாசித்தார். சலிப்பான நான்கு மணி நேரத்தை எழுதுபவர் வெட்டிவிடுவார். ரொலான் பார்த் 1957இல் வந்த ‘மிதோலொஜி’ நூலில் டூரை ஒரு காப்பியமாக வாசித்தது சும்மா இல்லை. 2017 முதல் எல்லாக் கட்டங்களும் தொடக்கத்திலிருந்து முடிவுவரை நேரலை. எதுவும் நடக்காத நேரங்களையும் இப்போது நாம் முழுமையாகப் பார்க்கிறோம். கூடவே பழைய வடு ஒன்று: 1999 முதல் 2005 வரை ஆம்ஸ்ட்ராங் வென்ற ஏழு பட்டங்களும் 2012இல் பறிக்கப்பட்டு, அந்த வருடங்களின் வெற்றியாளர் இடம் காலியாகக் கிடக்கிறது. அதிலிருந்து யார் அதிகம் வென்றாலும் சலிப்போடு சந்தேகமும் சேர்ந்தே வருகிறது. ஆதாரமின்றி இன்றைய ஓட்டிகள்மேல் அதைப் போடுவது நியாயமில்லை.

மஞ்சள் சட்டையை விட்டுக் கண்ணை எடுத்தால், 2025 டூரின் அந்தக் கடைசி எட்டுக் கட்டங்களில் பொகாச்சர் ஒன்றைக்கூட வெல்லவில்லை. மோன் வான்து உச்சியில் பிரான்சின் வலந்தான் பரே-பெயிந்த்ரும் அயர்லாந்தின் பென் ஹீலியும் கடைசி வளைவுவரை தோளுரசி வந்து, சில அடி வித்தியாசத்தில் பரே-பெயிந்த்ர் வென்றார். பாரிஸில் முதன்முறையாகச் சேர்த்த மொமார்த்ர் ஏற்றத்தில், மழை ஈரத்தில், மஞ்சள் சட்டையையே உதறிவிட்டுப் போனார் வான் ஆர்ட். புதிதாகப் பார்க்கத் தொடங்குபவருக்கு என் யோசனை, மொத்தக் கணக்கை மறந்துவிட்டு அன்றன்றைய கட்டத்தைப் பாருங்கள் என்பதுதான்.

ஆனால் மொத்தக் கணக்குத்தான் பந்தயத்தின் முதுகெலும்பு. அதை ரசிகரின் பொறுமையை நம்பி விட்டுவிட முடியாது. 1929இல் நோயில் கிடந்த மொரீஸ் தெவாலேயை அவருடைய அல்சியோன் நிறுவன அணியினர் தாங்கிப் பிடித்துப் பாரிஸ்வரை கொண்டுசேர்த்து ஜெயிக்கவைத்தபோது, ஒரு பிணம் வென்றுவிட்டதாகத் தெக்ராஞ் பொருமினார். மறுவருடம் பாதையை அல்ல, நிறுவன அணிகளையே தூக்கிவிட்டு நாட்டு அணிகளைக் கொண்டுவந்தார். போன பணத்தை ஈடுகட்ட விளம்பர ஊர்வலத்தைத் தொடங்கினார். அந்தத் துணிச்சல் இன்று உலக சைக்கிள் சம்மேளனத்துக்கு வேண்டும். 2018இல் ஓர் அணிக்கு ஒன்பது பேர் என்பதை எட்டாகக் குறைத்தார்கள். அடுத்த ஆண்டும் அதே அணிதான் வென்றது. தலையை எண்ணிப் பயனில்லை. அணிகளின் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு வைக்க வேண்டும், ஒளிபரப்புப் பணத்தில் அணிகளுக்குப் பங்கு தர வேண்டும். எட்டை ஆறாக்கினாலும், அந்த ஆறில் மூவர் வேறிடத்தில் தலைவராக இருக்கத் தகுந்தவர்களாக இருக்கும்வரை ஜூலை மாதம் மாறாது.